சூடு கண்ட பூனைகள்

1971 நவம்பர் 15-ஆம் தேதியிலிருந்து இந்தியாவில் ஒரு கவரைத் தபால் பெட்டியில் போட வேண்டுமானால், வழக்கமான ஸ்டாம்போடு இன்னொரு ஐந்து பைசா ஸ்டாம்பும் ஒட்டியாக வேண்டியிருந்தது. தனி ஸ்டாம்ப் அச்சாகி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கையிருப்பில் கிடந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேலேயே ‘அகதி நிவாரணம்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து விற்றார்கள். ராஜபாளையத்தில் எங்கள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. சரக்குக்காகக் கும்பகோணத்துக்கு எழுதும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பைசா கூடுதல் என்றதும் அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எவனோ ஊர்ல எவனோ அடிச்சுக்கிட்டா நான் எதுக்குய்யா அஞ்சு பைசா அழணும்?”

கணக்குப்பிள்ளை பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “அடிபட்டவங்க இப்ப நம்ம திண்ணையில வந்து உக்காந்திருக்காங்க முதலாளி. சோறு போடணும்ல.”

வல்லமை படைத்த ஒரு நாடு அடுத்த நாட்டு விவகாரத்தில் எப்போது தலையிடலாம் என்பதைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். வளர்ந்து மதுரையில் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்த்தேன். ஓய்வு பெறும்வரை அதே மேசைதான். உலகத்தில் எந்த மூலையில் எந்த ராணுவம் எல்லை தாண்டினாலும் டெலிபிரிண்டர் வழியாக என் மேசைக்குத்தான் வரும். பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. உள்ளே போவதா, வேண்டாமா என்று தலைநகரங்களில் முடிவெடுக்கும்போது, அன்றைக்குச் செத்துக்கொண்டிருப்பவர்களை அவர்கள் பார்ப்பதைவிட, போன தடவை தங்கள் கை வெந்ததா, வெற்றி கிடைத்ததா என்பதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். முதல் நாட்டில் செய்த கோளாறுக்கு மூன்றாவது நாட்டு மக்கள் உயிரைக் கொடுக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் முடித்துவிடுவோம், அது சுருக்கம்தான். 1945-இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனம், ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாடு பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது என்கிறது. இரண்டு விதிவிலக்கு உண்டு. தன்னைத் தாக்கியவனைத் திருப்பித் தாக்கலாம். பாதுகாப்பு மன்றம் அனுமதித்தால் போகலாம். அந்த மன்றத்தில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ இருப்பதால், கொலை செய்பவனுக்கு ஐவரில் ஒரு சிநேகிதன் இருந்தால் போதும், அனுமதி கிடைக்காது. 2005 உலகத் தலைவர்கள் மாநாட்டில், ஓர் அரசு தன் மக்களை இனப்படுகொலையிலிருந்து காக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு உலகத்துக்கு வரும் என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. வீட்டோ மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனி 1971.

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் தேர்தல் நடந்தது. கிழக்கு வங்காளத்துக்கு ஒதுக்கிய 169 இடங்களில் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் 167-ஐப் பிடித்தது. மொத்த நாடாளுமன்றமே 313 இடம்தான் என்பதால் முழு பாகிஸ்தானுக்கும் அவர்தான் பிரதமராக வேண்டும். ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் இழுத்தார். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களைச் சுட்டார்கள், ஆசிரியர்களை வீடு தேடிப் போய்ச் சுட்டார்கள். அந்த ஒன்பது மாதத்தில் செத்தவர்கள் முப்பது லட்சம் என்கிறது வங்கதேசம். அவ்வளவு இல்லை என்று சொல்லும் ஆய்வாளர்களில் பலரும் மூன்று லட்சத்துக்குக் குறைத்துப் பேசுவதில்லை.

டாக்காவில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். நடப்பதை நாள்தோறும் வாஷிங்டனுக்குத் தந்தியடித்தார். பதில் இல்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி, நம் அரசின் கொள்கையே தவறு என்று அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட தந்தியை அவர் அனுப்பிவைத்தார். அவரை அந்தப் பதவியிலிருந்து தூக்கியதுதான் மிச்சம். அதிபர் நிக்சனுக்கும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கருக்கும் யாஹியா கான் வேண்டியிருந்தார், சீனாவோடு ரகசியமாகப் பேச அவர்தான் தூது. ஜூலையில் பாகிஸ்தானுக்கு வந்த கிஸ்ஸிங்கர் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு மறைந்தார், பெய்ஜிங்கில் போய் இறங்கினார். வல்லரசு தலையிடவில்லை என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் சரியில்லாத வார்த்தை. யாஹியாவுக்கு முட்டுக் கொடுத்ததும் ஒரு தலையீடுதான்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் சுமார் ஒரு கோடி பேர், 825 முகாம்கள். திரிபுராவின் சொந்த ஜனத்தொகையே பதினைந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அங்கே வந்த அகதிகள் ஏறக்குறைய பதினான்கு லட்சம். மழைக்காலம் தொடங்கியதும் காலரா வந்தது.

எல்லையோர ஊரான பன்காவ் மருத்துவமனையில் திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் இருந்தார். நோயாளிகள் கட்டிலிலும் தரையிலும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வாந்தியும் பேதியும் ஓடும் தரையில் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டியிருந்ததாம். நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவில் அவருடைய ஆய்வு மையத்தின் நூலக அறையில் உட்கார்ந்து உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் நிறுத்துப் பாலிதீன் பையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. அதைக் கரைத்து டிரம்மில் ஊற்றிவைத்து, கூட இருந்த சொந்தக்காரர்களையே டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு மருந்துக் கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பெரிய அளவில் கிடைத்த முதல் சோதனை அது. அந்த டாக்டருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023-இல், அவர் இறந்த பிறகு.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்லிவிடுகிறேன். ‘உள்நாட்டு விவகாரம்’ என்று பாகிஸ்தான் அப்போது ஐ.நா.வில் திரும்பத் திரும்பச் சொன்னது. பன்காவ் தரையில் கிடந்தவர்களுக்குப் பிறகு அந்த வாதத்தில் என்ன மிச்சம் இருக்கிறது? இந்தியா இதில் சுயநலத்தோடு இறங்கியது என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆமாம், சுயநலம் இருந்தது. பாகிஸ்தான் இரண்டாக உடைவது டெல்லிக்குக் கசக்கவா செய்யும்? சுயநலம் கலந்த தலையீட்டை எல்லாம் ஒதுக்கிவிட்டால் சரித்திரத்தில் ஒன்றும் தேறாது என்பது என் கட்சி. சொல்லப்போனால், சொந்த நஷ்டம் இருக்கிறவனுக்குத்தான் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரமும் இருக்கிறது. அகதிகள் ஊர் திரும்ப வேண்டும், அதுதான் இந்தியாவின் கணக்கு.

ஏப்ரலிலேயே படையை அனுப்பச் சொன்னார்கள், தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா முடியாது என்றார் என்று ஒரு கதை பிரபலம். அவரே கடைசிக் காலத்தில் குன்னூரில் இருந்துகொண்டு வருகிறவர்களிடம் சுவையாகச் சொல்வார். ஆவணங்களைப் பார்த்த சரித்திர ஆசிரியர்கள் அவ்வளவு நாடகம் நடக்கவில்லை, இந்திரா காந்திக்கே அப்போது போருக்கு அவசரம் இல்லை என்கிறார்கள். எப்படியோ, எட்டு மாதம் பொறுத்தார்கள். மழை வடிய வேண்டும், இமயக் கணவாய்கள் பனியில் மூட வேண்டும், அப்போதுதான் சீனா வராது. ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம். அக்டோபர், நவம்பரில் இந்திரா மேற்கத்தியத் தலைநகரங்களுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். நவம்பர் கடைசியிலேயே இந்தியப் படை எல்லை தாண்டிச் சண்டை போட்டதும் உண்மை. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கியபோது, காத்திருந்த காரணம் கிடைத்தது.

உலகம் கை தட்டவில்லை. டிசம்பர் 7-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் சண்டையை நிறுத்து, படையை விலக்கு என்று 104 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தவை 11. இந்தியாவையும் பூட்டானையும் கழித்தால் மற்றதெல்லாம் சோவியத் அணி. அமெரிக்கா எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. டிசம்பர் 16 மாலை டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் ஜெனரல் நியாசி சரணடைந்து கையெழுத்துப் போட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. ஜனவரி 10-ஆம் தேதி முஜிப் சிறையிலிருந்து டாக்கா திரும்பினார். பிப்ரவரியில் கல்கத்தா வந்தபோது, உங்கள் படை எப்போது கிளம்பும் என்று இந்திராவிடம் பேசினார். மார்ச் 25-க்குள் என்று கூட்டறிக்கை வந்தது. மார்ச் 12-ஆம் தேதியே டாக்காவில் வழியனுப்பு அணிவகுப்பு முடிந்துவிட்டது. ஜெயித்த ராணுவம் மூன்று மாதத்துக்குள், சொன்ன தேதிக்கு முன்னாலேயே வீட்டுக்குத் திரும்பிய உதாரணம் இன்னொன்று தேடினாலும் கிடைப்பது கஷ்டம். அது நடந்ததற்கு இந்திய நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை. சாவியைக் கொடுக்க ஆள் இருந்தது. 167 இடம் ஜெயித்தவர்கள், தாஜுதீன் அகமது தலைமையில் ஏப்ரலிலிருந்தே அரசாங்கம் நடத்திக்கொண்டிருந்தவர்கள், தங்கள் சொந்தப் பையன்களை முக்தி வாஹினி விடுதலைப் படையில் சாகக் கொடுத்தவர்கள். அவர்கள் கூப்பிட்டார்கள், போனோம். கிளம்பச் சொன்னார்கள், கிளம்பினோம்.

வங்கதேசம் அப்புறம் சொர்க்கமாகிவிடவில்லை. 1974-இல் பஞ்சம், 1975 ஆகஸ்டில் முஜிபும் குடும்பமும் சுட்டுக் கொலை, பிறகு ராணுவ ஆட்சிகள். உருது பேசிய பிஹாரி முஸ்லிம்கள் பழிவாங்கப்பட்டார்கள். அவர்களில் பலரின் பேரப்பிள்ளைகள் இன்றும் டாக்கா முகமதுபூரில் ஜெனிவா முகாம் என்ற நெரிசலில் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தவறுகள் அவர்கள் நாட்டுத் தவறுகள், அவர்களே செய்து அவர்களே திருத்த வேண்டியவை.

இதே பத்தாண்டில் இன்னும் இரண்டு தலையீடுகள். 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்து, 1979 ஜனவரியில் பொல் பொட்டை விரட்டியது. நான்கே ஆண்டில் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட சொந்த மக்களைச் சாகவிட்ட ஆட்சி அது. வியட்நாமுக்கு உலகம் கொடுத்த பரிசு, சீனப் படையெடுப்பும் பொருளாதாரத் தடையும். கம்போடியாவின் ஐ.நா. நாற்காலி விரட்டப்பட்ட பொல் பொட்டின் கெமர் ரூஜ் கையிலேயே இருந்தது. சாவி கொடுக்க மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாததால் வியட்நாம் பத்து வருடம் அங்கேயே மாட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 1979 ஏப்ரலில் தான்சானியாவின் நியெரெரெ, தன் எல்லைக்குள் வந்து நாசம் செய்த உகாண்டாவின் இடி அமீனை கம்பாலா வரை துரத்திப்போய் அவர் ஆட்சியை முடித்தார். வாத்தியார் வேலை பார்த்த மனிதர், ஏழை நாடு, யாரும் செலவுக்குத் தரவில்லை. 1980 டிசம்பர் தேர்தலில் முறைகேடு என்ற புகாரோடு உகாண்டா மறுபடி உள்நாட்டுப் போரில் விழுந்தது.

என் மேசைக்கு வருகிறேன். 1994 ஏப்ரல் கடைசி. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா நிற்கும் தேர்தல். டெலிபிரிண்டர் தாள் முழுக்க அதுதான். இடையில் ருவாண்டா. செத்தவர்கள் லட்சத்தைத் தாண்டியிருக்கலாம் என்று ஒரு செய்தி. அதை எடுத்துக்கொண்டு நைட் ஷிப்ட் சீஃப் சப்பிடம் போனேன்.

“அண்ணாச்சி, இதுக்கு இடம் பெருசா வேணும்.”

“எந்த நாடு?”

“ருவாண்டா.”

“மேப்ல எங்கய்யா இருக்கு அது? சிங்கிள் காலம் வச்சுக்கோ. மண்டேலாவத் தூக்க முடியாது.”

நல்ல மனிதர்தான். வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு மேப் தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு ஆறு மாதம் முன்னால், 1993 அக்டோபரில், சோமாலியாவின் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் ஒரே சண்டையில் செத்தார்கள். ஒரு வீரரின் உடலைத் தெருவில் இழுத்துப் போனதை டி.வி.யில் அமெரிக்கா பார்த்தது. பஞ்சத்தில் சோறு கொண்டுபோன படை, வழியில் ஒரு தளபதியைப் பிடிக்கும் வேலையாக மாறி, அந்த இடத்துக்கு வந்து நின்றது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் வராது. ருவாண்டாவில் ஐ.நா. படை ஏற்கெனவே இருந்தது, கனடாக்காரரான ஜெனரல் டாலேர் தலைமையில் சுமார் 2,500 பேர். ஆயுதம் பதுக்குகிறார்கள் என்று ஜனவரியிலேயே அவர் நியூயார்க்குக்கு எழுதினார், கையை வைக்காதே என்று பதில் வந்தது. கொலை தொடங்கியதும் பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேரைக் கொன்றார்கள், கொலையாளிகள் எதிர்பார்த்தபடியே பெல்ஜியம் கிளம்பியது. தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளி வளாகத்தில் பெல்ஜிய வீரர்களை நம்பி ஏறக்குறைய 2,000 பேர் ஒண்டியிருந்தார்கள். ஏப்ரல் 11-ஆம் தேதி லாரிகள் கிளம்பின. போகாதீர்கள் என்று வண்டிகளை மறித்தார்கள். வாசலுக்கு வெளியே வெட்டுக்கத்தியோடு காத்திருந்தவர்களையும் எல்லோருக்கும் தெரியும். பத்து நாளில் பாதுகாப்பு மன்றம் படையை 270 ஆகக் குறைத்தது. நூறு நாளில் செத்தது சுமார் எட்டு லட்சம்.

1971-இல் யார் கூப்பிட்டார்கள் என்று மேலே சொன்னேன். கிகாலியில் தேர்தல் ஜெயித்த கட்சி எதுவும் கூப்பிடவில்லை. லாரிக்கு முன்னால் நின்றவர்கள்தான் கூப்பிட்டார்கள். அந்த வேகத்தில் கொலை நடக்கும்போது அது போதும். கையில் துப்பாக்கியோடு ஏற்கெனவே உள்ளே நிற்பவன் அன்றைக்கு வெளியேறினால், அதுவும் ஒரு தலையீடு.

அந்த அவமானமும், அடுத்த ஆண்டு ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 முஸ்லிம் ஆண்களைக் கொல்லவிட்ட அவமானமும் சேர்ந்துதான் 1999-இல் கொசோவோவுக்காக நேட்டோவை 78 நாள் குண்டு போட வைத்தன, ஐ.நா. அனுமதி இல்லாமலே. அது பலித்ததும் துணிச்சல் வந்தது. 2003-இல் ஈராக். சதாம் உசேன் ஹலப்ஜாவில் குர்துகள் மேல் விஷவாயு போட்டு சுமார் 5,000 பேரைக் கொன்றது 1988-இல். அன்றைக்கு ஈரானுக்கு எதிராக அமெரிக்காவுக்கு அவர் தேவைப்பட்டார். கொலை நடந்தபோது வராதவர்கள் பதினைந்து வருடம் கழித்து, இல்லாத ஆயுதத்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ‘கொடுங்கோலன்தானே, விரட்டினால் என்ன’ என்று இங்கேயும் பலர் கேட்டார்கள். கொடுங்கோலன் என்பது மட்டும் காரணமாகாது. கொலை இப்போது நடக்க வேண்டும், தடுக்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

லிபியாவில் 2011 மார்ச்சில் அந்தத் தூரம் இருந்தது. கடாஃபியின் படை பெங்காசியை நெருங்கியது. பாதுகாப்பு மன்றம் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானத்தைப் போட்டது. ஆதரவு பத்து, இந்தியா உட்பட ஐந்து நாடுகள் விலகி நின்றன. பெங்காசி தப்பியது. அங்கேயே நிறுத்தவில்லை. அக்டோபரில் கடாஃபி செத்ததும் பதினோராவது நாள் நேட்டோ வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆயுதக் குழுக்கள், இரண்டு அரசாங்கம், எதற்கும் பொறுப்பில்லாத நிர்வாகம். டெர்னா நகரத்துக்கு மேலே இரண்டு பழைய அணைகள், ஏற்கெனவே இழுபறியாகக் கிடந்த அவற்றின் பழுதுபார்ப்பு வேலை 2011 போரோடு நின்றது. 2023 செப்டம்பர் புயலில் இரண்டும் உடைந்து, ஊரின் ஒரு பகுதியைக் கடலில் தள்ளின. ஆயிரக்கணக்கில் சாவு. அடுத்த நாளுக்குத் திட்டமிடாததுதான் தன் பதவிக்காலத்தின் பெரிய தவறு என்று ஒபாமாவே பின்னாளில் சொன்னார்.

டெர்னாவுக்கு முன்பே லிபியாவில் செய்த தவறின் விலையை வேறொரு நாடு கொடுக்கத் தொடங்கிவிட்டது. மக்களைக் காக்க என்று கேட்டு ஆட்சியைக் கவிழ்த்துவிட்டீர்கள் என்று சொல்லி, சிரியா விஷயத்தில் ரஷ்யாவும் சீனாவும் வரிசையாக வீட்டோ போட்டன. 2013 ஆகஸ்டில் டமாஸ்கஸ் பக்கத்தில் கூட்டா என்ற பகுதியில் விஷவாயு விழுந்தது. எட்டாவது நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285-க்கு 272 என்ற கணக்கில் தலையிட மறுத்தது. அன்றைய விவாதத்தில் சிரியாவுக்கு இணையாக ஈராக்கின் பெயர் அடிபட்டது.

நம் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. 1987 ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் படகுகள் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டன, இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவு மூட்டைகளைப் போட்டன. தமிழ்நாட்டில் கொண்டாட்டம். ‘இன்னொரு 1971’ என்று தலைப்புப் போடலாமா என்றுகூட டெஸ்கில் பேசினோம்.

டெல்லியிலும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஜூலை 29 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ராஜீவும் ஜெயவர்த்தனாவும். யாருக்காகப் போகிறோமோ அந்த மக்களிடம் வாக்கு வாங்கிய யாரும் அந்தத் தாளில் இல்லை. ஆயுதம் வைத்திருந்த புலிகள் மனமில்லாமல் தலையாட்டினார்கள். சிங்களப் பகுதியிலும் கொந்தளிப்பு, மறுநாள் மரியாதை அணிவகுப்பிலேயே ஒரு கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடிக்க ஓங்கினார். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. சில வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது இந்தியப் படை. 1990 மார்ச்சில் கடைசி வீரர் கப்பலேறும்போது 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை.

1971-இல் கிடைத்த தெம்பு 1987-இல் உள்ளே இழுத்தது. 1987-இல் பட்ட சூடு அதற்குப் பிறகு எந்தப் பேச்சையும் கேட்கவிடவில்லை.

புலிகளுக்கு எதிரான கடைசிப் போர் நெருங்கியபோது, 2008 செப்டம்பரில், கிளிநொச்சியை விட்டு வெளியேறும்படி ஐ.நா. ஊழியர்களிடம் இலங்கை அரசு சொன்னது. அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். அந்தச் செய்தியைப் பக்கத்தில் வைக்கும்போது கிகாலி தொழிற்பள்ளி எனக்கு ஞாபகம் வந்தது, வராமல் எப்படி இருக்கும்? வண்டிகள் கிளம்பின. 2009 மே மாதம் வரை, சண்டைக்குத் தப்பி வடகிழக்குக் கடற்கரையில் ஒதுங்கிய மக்களைப் புலிகள் வெளியேறவிடவில்லை, ராணுவம் ஷெல் அடிப்பதை நிறுத்தவில்லை. நாற்பதாயிரம் சிவிலியன்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. தன் அமைப்பே கடமையில் தவறியது என்று ஐ.நா.வின் உள் விசாரணை 2012-இல் ஒப்புக்கொண்டது. உலகமே சேர்ந்து 2005-இல் கொடுத்த வாக்குறுதிக்கு அந்த மே மாதத்தில் நான்கு வயதுகூட நிறையவில்லை.

படை அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. படைக்கும் மௌனத்துக்கும் நடுவில் செய்யக்கூடியது நிறைய இருந்தது. கண்காணிப்பாளர்கள், மக்களை வெளியே எடுக்க ஒரு பாதை, பாதுகாப்பு மன்றத்தில் ஒரே ஒரு முறையான விவாதம். எதுவும் நடக்கவில்லை.

போர் முடிந்த ஒன்பதாவது நாள், 2009 மே 27, ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்புக் கூட்டம். விசாரணை கேட்ட தரப்பின் வரைவு ஒதுக்கப்பட்டது. இலங்கையின் இறையாண்மையை உறுதி செய்யும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, விலகி நின்றவை 6. அந்த 29-இன் பட்டியலைப் பக்கத்தில் வைப்பதற்காக வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். இந்தியா இருந்தது. பாகிஸ்தானும் இருந்தது. வங்கதேசமும்.